ஊரவையும் ஆடுகளமும்

சென்னைக்கு வடக்கே ஆரணியாற்றங்கரையில் அமைந்த ஊர் பொன்னேரி. கூடூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், மீஞ்சூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே இவ்வூர் உள்ளது. கிழக்கே பழவேற்காட்டு ஏரி கடலோடு கைகோத்துப் பரந்து கிடக்கின்றது. அகத்தீசுவரர் கோயிலும் கரிகிருஷ்ணப் பெருமாள் கோயிலும் இவ்வூர்க்குச் சிறப்புத் தருவன. சித்திரைத் திங்களில் சிவபெருமானும் திருமாலும் எதிரெதிரே எழுந்தருளிச் சந்திக்கும் விழாவைக் காணச் சுற்றூர் மக்கள் திரள்திரளாக வந்து கூடுவர். அவ்வெயிற் காலத்தில் அத்துணை மக்களுக்கும் குடிநீர் வேண்டும்; மறுநாட் காலையில் தெருக்களைக் கூட்டித் தூய்மை செய்தலும் வேண்டும். விழாவைக் கண்டு மகிழ்வோர் பலர். தெரு தூய்மையானதைக் கண்டு மகிழ்வோர் மிகச் சிலரே. அத்தூய்மையைச் செய்விக்கும் கடமை நகராட்சிக்கு உரியது. நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எனப் பல பெயர் பெற்று விளங்கும் ஊரவைகளைப் பற்றியே ஈண்டுக் காண்போம்.

பொன்னேரி என்னும் பெயரைப் பிரித்தால் பொன், ஏரி என்னும் இரு சொற்கள் கிடைக்கும். இவ்விரு சொற்களின் பெயராலும் இரண்டு குழுக்கள் ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னர் நம் தொண்டை நாட்டில் இயங்கி வந்தன. பொன் வாரியம், ஏரி வாரியம் என்பன அவை. அவை இயங்கிய ஊர் இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர். இப்பெயரொற்றுமை தற்செயலாக நேர்ந்ததே. இதனைக் கொண்டு இரண்டு ஊர்க்கும் உறவு கற்பித்தல் வேண்டா. எனினும், ஊராட்சியின் இயல்பை அறிய விரும்பும் மாணவர் முதற்கண் அவ்வூர்க் கோயிற் சுவரின்முன் சென்று நிற்றல் நன்று.

முதற் பராந்தக சோழனது ஆட்சியின் 12ஆம் ஆண்டிலும் 14ஆம் ஆண்டிலும், அஃதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் அங்குள்ளன. அவ்வூர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பதை இக்காலத்து வார்டு எனக் கொள்ளலாம். ஒவ்வொரு குடும்பினின்றும் ஒருவர் குடவோலை முறையால் தெரிந்தெடுக்கப்பட்டனர். தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதுவர். அவ்வோலைகளைக் குடும்பு வாரியாகக் கட்டாகக் கட்டுவர். கட்டுகளைக் குடத்தில் இடுவர். இளையோரும் முதியோரும் அடங்கப் பேரவை கூடியிருக்கும். ஊரிலுள்ள கோயில் நம்பிமாருள் ஒருவரும் விடுபடாமல் அங்கு வந்து அமர்ந்திருப்பர். அவருள் மூத்தவர் எழுந்து, குடத்தை எல்லாரும் காண உயர்த்திப் பிடிப்பார். உள்ளிருப்பது இன்னதென்றறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டிலுள்ள ஓலைகளை மற்றொரு குடத்தில் இட்டுக் குலுக்குவர். அதனின்றும் ஓர் ஓலையை அச்சிறுவனே எடுத்து நடுவன் கையில் கொடுப்பான். நடுவன் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் அவ்வோலையை வாங்குதல் வேண்டும். வாங்கிப் பலரும் கேட்கப் படித்தல் வேண்டும். அவன் படித்த அவ்வோலையை அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் மீண்டும் படித்தல் வேண்டும். அதன் பின்னரே அப்பெயர் ஏற்கப்படும்.

ஐந்து விரலும் விரிந்திருத்தல் வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தது ஏன்? மூடிய கையில் வேறோர் ஓலை ஒளிந்திருத்தல் கூடும் என்பதை அவ்வூரார் அறிந்திருந்தனர். நம்பிக்கை இருந்தால் போதும் என அவர் எண்ணினாரல்லர். நம்பிக்கைக்குக் கண்ணால் காணத்தக்க சான்றும் வேண்டினர். குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கம் அதனினும் பழையது. அகநானூற்றுப் பாலைப் பாட்டொன்றில் மருதன் இளநாகனார் அதனை உவமையாக்கியுள்ளார். உவமிக்கப்பட்ட பொருளோ, பாலை வழியில் இறந்துபட்டோர் குடரைப் பருந்து பற்றி இழுக்கும் கொடிய காட்சி! மேல் வகுப்பில் அப்பாட்டைப் படிக்கும்போது இதனை நினைவிற் கொள்க.

இவ்வாறு தெரிந்தெடுத்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியமும், பன்னிருவர் தோட்ட வாரியமும், அறுவர் ஏரி வாரியமும் ஆயினர். பொன் வாரியத்துக்குரியோரைப் பின்னரும் ஒரு முறை குடவோலை கொண்டு தெரிந்தனர். பதவிக் காலம் 360 நாள். மூன்றாண்டுகட்குள் வாரியம் செய்தவர் பெயரை மீண்டும் குடத்தில் இடுதல் இல்லை. குற்றம் கண்டபோதே ஒருவரை விலக்கும் விதியும் இருந்தது. இவை யாவற்றினும் கடுமையான விதி ஒன்றுண்டு. வாரியம் செய்து கணக்குக் காட்டாது ஒழிந்தவன் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவனுடைய தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மைத்துனன், மருமகன் எனச் சுற்றத்தார் பலர் பெயரையும் இடலாகாது. ஒருவன் செய்த பிழைக்குச் சுற்றத்தையும் விலக்குதல் முறையன்று என்று இக்காலத்தார் கூறுவர். யானும் அவ்வாறே கருதுகின்றேன். ஆயினும், ஊர்ப் பணத்துக்குக் கணக்குக் காட்டுதலை அவர் எத்துணைப் பெரிதாக மதித்தனர் என்பது இதனால் விளங்கும்.

உத்திரமேரூரைப் புகழும்போது ஒன்றை மறைத்தல் கூடாது. அவ்வூர் பிராமணர்க்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். சொந்த மனையில் வீடும், வரி செலுத்தும் நிலமும், வேதக் கல்வியும் உடையோர் பெயரே குடத்துள் விழுந்தது. அந்நிலத்தை உழுதவர் பெயர் விழவில்லை. பெண்டிர் பெயரும் விழவில்லை. முறை சிறந்தது, அம்முறைக்குள் இடம்பெற்றோர் சிலரே.

குடத்தின் வாயை அகலமாக்கும் பணி பன்னூறாண்டு கழித்தே நிகழ்ந்தது. 1882ஆம் ஆண்டு மே மாதத்தில் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்க்கு ஊரவைகளில் இடம் தந்தது. விடுதலைக்குப் பின் 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டம் சென்னை மாநிலமெங்கும் ஊராட்சிகளை வளர்த்தது. 1993ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அரசியலமைப்பிலேயே நிலையான இடம் நல்கின. 18 வயது நிரம்பியோர் யாவரும் வாக்காளர். 21 வயது நிரம்பியோர் வேட்பாளராகலாம். தமிழ்நாட்டில் மூன்றிலொரு பங்காயிருந்த மகளிர் இடம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதியாக உயர்ந்தது.

அரசியலமைப்பு மற்றொன்றும் கூறுகின்றது: நகரவையின் காலம் ஐந்தாண்டு, அது முடியுமுன்னரே அடுத்த தேர்தலை நடத்தி முடித்தல் வேண்டும். விதி இவ்வாறிருக்க, நிகழ்ந்தது யாது? 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அம்மாதம் நடைபெறவிருந்த தேர்தலுக்கான அறிவிக்கையைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. அதன்பின் வழக்கும், வார்டு வரையறையும், இட ஒதுக்கீடும் எனக் காலம் நீண்டது. திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரி 19ஆம் நாள் வரை நடக்கவில்லை. ஐந்தாண்டுக்கும் மேலாகத் தனி அலுவலர்களே நகர நிருவாகத்தை நடத்தினர். இதற்கிடையே 2021இல் பொன்னேரி பேரூராட்சி நகராட்சியாக உயர்த்தப்பட்டது. பெயர் உயர்ந்தது, உறுப்பினர் இருக்கைகள் மட்டும் வெறுமையாகவே இருந்தன.

அலுவலர் திறமையற்றவர் என்று யான் கூறவில்லை. திறமை வேறு, தெருவறிவு வேறு. 2021 நவம்பரில் பிச்சாட்டூர் அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டு, ஆரணியாறு பெருக்கெடுத்து, பொன்னேரி வட்டத்து ஆற்றோர ஊர்களைச் சூழ்ந்தது. அத்தகைய இரவில் எந்தத் தெருவில் நீர் முதலில் நுழையும், எந்த வீட்டில் நடக்கவியலாத முதியவர் உள்ளார், எந்தக் கால்வாய் எவரால் தூர்க்கப்பட்டது என்பனவற்றை ஏட்டைப் பாராமலே அறிந்தவர் அத்தெருவிலேயே வாழும் உறுப்பினர்தாம். அவர் தவறினால் மறுநாள் கடைத்தெருவில் நால்வர் அவரை நிறுத்திக் கேட்பர். அவ்வாறு கேட்கப்படும் அச்சமே ஊராட்சிக்கு உயிர்.

இனி ஆடுகளத்துக்கு வருவோம். அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை நகராட்சிக்கு உரிய பணிகள் என 18 பொருள்களை வரிசைப்படுத்துகின்றது. குடிநீர், சாலை, தூய்மை முதலியன அவற்றுள் உள்ளன. பன்னிரண்டாவது பொருள் பூங்காவும் தோட்டமும் விளையாடுமிடமும். மாணவர் ஓடியாட இடம் அமைத்தல் யாரோ ஒரு செல்வர் மனமுவந்து அளிக்கும் கொடையன்று. தெருவிளக்கைப் போல ஊரவை ஆற்ற வேண்டிய பணி. அத்திப்பட்டில் அனல் மின்நிலையமும், காட்டுப்பள்ளியில் துறைமுகமும், கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டையும் எழுந்தபின் இவ்வட்டாரத்தில் நிலத்தின் விலை ஏறியது. 2014ஆம் ஆண்டு மைய அரசின் வரவு செலவுத் திட்டத்தில் புதுத் தொழில் நகருக்கு உரிய மூன்றிடங்களுள் ஒன்றாகப் பொன்னேரி குறிக்கப்பட்டது. நிலத்தின் விலை ஏறுமிடத்தில் முதலில் சுருங்குவது வேலியில்லாத வெற்றிடம். சிறுவர் விளையாடுமிடமும் பெரும்பாலும் அத்தகையதே.

எட்டுப் பேர் ஒருங்கே ஓடத்தக்க 400 மீட்டர் ஓடுபாதைக்கு ஏறத்தாழ 4 ஏக்கர் நிலம் வேண்டும். அதனை எல்லா ஊரும் அளித்தல் அரிது. கபடிக்கோ 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் போதும். மூன்று செண்டுக்குச் சற்று மிகுதி. இருபுறமும் எவ்வெழுவர். நம் முன்னோர் சடுகுடு என்று விளையாடிய அவ்வாட்டம் 1990ஆம் ஆண்டு பீஜிங்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிற் சேர்க்கப்பட்டது. அதிற் பாடிச் செல்பவன் மூச்சு விடாது வாய்விட்டுப் பாடிக்கொண்டே செல்லுதல் வேண்டும். மனத்துக்குள் பாடினேன் என்றால் நடுவர் ஒப்புவாரோ? குரல் அறுந்தது என்பது எதிரணிக்கும் கேட்கும். வேலியோரம் நிற்கும் சிறுவனுக்கும் கேட்கும். விரித்த ஐந்து விரலும் விடாது ஒலிக்கும் குரலும் ஒரு வழக்கே.

குடவோலை மறைந்துவிட்டது என்று நினைப்பவர் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு வந்து காண்க. குடியரசு நாள் விளையாட்டுகளும் பாரதியார் நாள் விளையாட்டுகளும் குறுவட்டத்தில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என ஏறிச் செல்வன. எந்தப் பள்ளி எந்தப் பள்ளியை முதலில் எதிர்கொள்வது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும் வழக்கம் நெடுநாளையது. உடற்பயிற்சி ஆசிரியர்கள் சூழ்ந்து நிற்பர். துண்டுத்தாள்கள் மடித்து இடப்படும். பக்கத்தில் நிற்கும் சிறுபிள்ளை ஒன்றை அழைத்து எடுக்கச் சொல்வர். வலிய அணி எதிரே வந்துவிட்டால் முகம் வாடும். ஆயினும் பூசல் எழாது. எல்லார் கண்முன்னும் எடுத்த சீட்டு அன்றோ? மூடிய அறைக்குள் எழுதி ஒட்டிய அட்டவணையாயின், அதே இணைப்பு வந்தாலும் மாணவர் ஆயிரம் ஐயம் கொள்வர். பல்லாண்டு பள்ளியில் இருந்த யான் இரண்டு வகையும் கண்டதுண்டு. அட்டவணை மூடிய அறையிலிருந்து வந்த ஆண்டில், தோற்ற பிள்ளைகள் மறுநாள் வகுப்பில் இலக்கணத்தைக் கேட்கவேயில்லை!

ஊரவை செய்வது ஊரார்க்குத் தெரிதல் வேண்டும். உத்திரமேரூரார் கோயிற் சுவரையே செய்தித்தாளாகக் கொண்டனர். பிற்காலத்தில் பறையறைந்து செய்தி கூறினர். அப்பணியை ஒரு சாராரே தலைமுறை தலைமுறையாகச் செய்ய நேர்ந்த இழிவு கருதி, தண்டோரா முறையை ஒழிக்குமாறு 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு பணித்தது. ஒலிபெருக்கி கட்டிய வண்டிகளால் செய்தி சொல்லலாயிற்று. அதனை வரவேற்காதார் யார்? ஆனால், ஒலிபெருக்கியில் வரி செலுத்தும் இறுதி நாள் மட்டும் கேட்டால் போதாது. அவ்வரி எதற்குச் செலவாயிற்று என்பதும் கேட்டல் வேண்டும்.

அதனைக் கேட்பதற்கென்றே சிற்றூர்களில் கிராம சபை கூடுகின்றது. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்கள் அதற்கு உரியன. நகரங்களுக்கு அத்தகைய கூட்டம் நெடுநாள் இல்லை. 2022ஆம் ஆண்டு விதிகளால் நகர்ப்புறத்துக்கும் பகுதி சபை வந்தது. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் அது முதன்முதலாகக் கூடியது. வார்டின் ஒரு பகுதியில் வாழும் வாக்காளர் அங்கு அமர்ந்து, தம் தெருவின் குழாயைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் உறுப்பினரைக் கேட்கலாம். பன்னிரண்டாவது பொருளைப் பற்றியும் கேட்கலாம்: எங்கள் பகுதியில் மூன்று செண்டு நிலம் உண்டா? உண்டெனில், அதன்மேல் கொட்டியிருக்கும் கட்டடக் கழிவை எந்நாளில் அகற்றுவீர்? கேட்கும் உரிமை 18 வயது நிரம்பியவர்க்கு உரியது. உங்களுள் பலர்க்கு அதற்கு இன்னும் மூன்று நான்கு ஆண்டுகளே உள்ளன.