கப்பல் யாருக்காகக் காத்திருக்கும்?

அன்புள்ள தம்பி மகளுக்கு,

பெற்றோரை மத்தியதரைக் கடல் கப்பல் பயணத்திற்கு அழைத்துச் செல்லும் ஏற்பாடு முடிவாகிவிட்ட நிலையில், கரைச் சுற்றுலாக்களைக் கப்பல் நிறுவனத்திடமே பதிவு செய்வதா, வெளியில் தனியாக ஏற்பாடு செய்துகொள்வதா என்ற கேள்விக்கு ஒரே வரியில் விடை சொன்னால் அது அரைகுறையாகவே இருக்கும் என்பதால், இக்கடிதம் சற்று விரிவாக எழுதப்படுகிறது.

கரைச் சுற்றுலா என்பது, கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும் ஏழெட்டு மணி நேரத்திற்குள் பயணிகள் இறங்கி, ஊர் பார்த்து, குறித்த நேரத்திற்கு முன் கப்பலுக்குத் திரும்பிவிடும் சிறுபயணம் ஆகும். கப்பல் கட்டணத்தில் இது பெரும்பாலும் அடங்குவதில்லை; தனியாகவே விற்கப்படுகிறது. கப்பலில் விற்கப்படும் சுற்றுலாவைக் கப்பல் நிறுவனமே நடத்துகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் பேருந்தும் வழிகாட்டியும் அந்தந்த ஊரைச் சேர்ந்த சுற்றுலா நிறுவனத்தினுடையவை. பயணச்சீட்டு ஒப்பந்தத்தின் பொடி எழுத்துகளைப் படித்தால், அந்நிறுவனம் தனி ஒப்பந்ததாரர் என்றும் அதன் குறைகளுக்குக் கப்பல் பொறுப்பன்று என்றும் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். அதே அரண்மனைக்கு, அதே சாலையில், சில நேரங்களில் அதே வழிகாட்டியோடு செல்லும் பயணத்திற்குக் கப்பலில் கூடுதல் விலை கேட்கப்படுவது ஏன் என்று புரிந்துகொண்டால், எந்த ஊரில் அந்த விலையைக் கொடுப்பது, எந்த ஊரில் கொடுக்காமல் விடுவது என்பது தானாகவே விளங்கிவிடும்.

அந்தக் கூடுதல் பணம் பெரும்பாலும் நேரத்திற்கான காப்பீடு. புறப்பாட்டிற்கு அரைமணி நேரம் முன்னதாக, சில கப்பல்களில் ஒரு மணி நேரம் முன்னதாகவே, பயணிகள் அனைவரும் கப்பலுக்குள் வந்துவிட வேண்டும் என்று ஒரு நேரம் குறிக்கப்படுகிறது; அதற்குப் பின் இறங்கு பாலம் எடுக்கப்பட்டுவிட்டால் கரையில் நின்று கையசைப்பவருக்காக அது மீண்டும் இறக்கப்படுவதில்லை. கப்பல் விற்ற சுற்றுலாவின் பேருந்து நெரிசலில் சிக்கினால் கப்பல் காத்திருக்கும், அல்லது அந்தப் பயணிகளைத் தன் செலவில் அடுத்த துறைமுகத்திற்குக் கொண்டு சேர்க்கும். தனியாகச் சென்றவருக்கு அந்த உறுதி இல்லை. 2024 மார்ச் மாத இறுதியில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள சாவோ டோமே தீவில் தனியார் சுற்றுலா சென்று தாமதமாகத் திரும்பிய எட்டுப் பயணிகள், கப்பல் இன்னும் நங்கூரத்தில் நின்றுகொண்டிருந்தபோதும் ஏற்றிக்கொள்ளப்படவில்லை. அவர்கள் நாடுவிட்டு நாடு மாறிக் காம்பியாவுக்குச் சென்று காத்திருந்தும் கப்பலால் அங்கு கரையணைய முடியாமல் போக, இறுதியில் செனகலின் டாக்கார் துறைமுகத்தில்தான் கப்பலைப் பிடிக்க முடிந்தது. கப்பல் நிறுவனத்தைக் கல்நெஞ்சம் என்று ஏசுவதால் பயனில்லை. துறைமுகத்தில் நிற்கும் இடத்திற்கும் நேரத்திற்கும் கணக்கு உண்டு, இழந்த நேரத்தை ஈடுகட்ட வேகம் கூட்டினால் எரிபொருள் செலவு உண்டு, மறுநாள் துறைமுகத்தில் காத்திருக்கும் ஆயிரக்கணக்கானோரின் திட்டமும் அதில் அடங்கியுள்ளது.

ஆகவே, கரைச் சுற்றுலா குறித்த முடிவைப் பயணம் முழுமைக்கும் ஒரேயடியாக எடுப்பது தவறு. ஒவ்வொரு துறைமுகத்திற்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். பார்க்க வேண்டிய இடம் கப்பலிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதும், ஒரு வழி அடைபட்டால் திரும்பி வர வேறு வழி உண்டா என்பதுமே உரைகல். இதில் முதல் இடறல், கப்பல் விளம்பரத்தில் அச்சிடப்படும் ஊர்ப்பெயர். ‘ரோம்’ என்று குறிக்கப்படும் நாளில் கப்பல் நிற்பது சிவிதாவெக்கியா என்ற துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ‘ஃபுளாரன்ஸ்’ என்பது லிவோர்னோ துறைமுகம், இடைவெளி சுமார் 90 கிலோமீட்டர். வடக்கே செல்லும் கப்பல்களில் ‘பெர்லின்’ என்று எழுதப்படும் வார்னமுண்டே துறைமுகத்திலிருந்து அந்நகருக்குச் செல்ல மட்டும் மூன்று மணி நேரம் ஆகும். விளம்பரத்தை மூடி வைத்துவிட்டு, வரைபடத்தைத் திறந்து, ஒவ்வொரு துறைமுகத்தின் உண்மைப் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வதே முதல் வேலை.

ரோம் நாளைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். கப்பலருகிலிருந்து துறைமுகப் பேருந்து பயணிகளை லார்கோ தெல்லா பாச்சே என்னும் இடத்தில் கொண்டுவிடும். அங்கிருந்து ரயில் நிலையத்திற்கு வேறு பேருந்திலோ நடந்தோ செல்ல வேண்டும். வட்டார ரயிலில் ஏறினால் வத்திக்கானுக்கு அருகிலுள்ள சான் பியெத்ரோ நிலையத்தில் ஒரு மணி நேரத்திற்குள் இறங்கிவிடலாம். கட்டணம் சில யூரோக்களே. காகித டிக்கெட்டை நடைமேடையிலுள்ள சிறிய இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பதித்துக்கொள்ளாமல் ஏறினால், டிக்கெட் கையில் இருந்தும் அபராதம் கட்ட நேரும். இவ்வளவும் எளியவையே, ரயிலேறத் தெரிந்த எவரும் செய்துவிடலாம். ஆனால் இத்தாலியில் ‘ஷோப்பெரோ’ எனப்படும் ரயில் வேலைநிறுத்தம் அவ்வப்போது வரும். முன்கூட்டியே அறிவிக்கப்படும் அந்த நாள்களிலும், வேலைநாளாயின் காலை 6 முதல் 9 வரையிலும் மாலை 6 முதல் 9 வரையிலும் குறிப்பிட்ட ரயில்கள் கட்டாயம் ஓடும் என்பது ஏற்பாடு. காலை ரயிலில் ஏறிய பயணி நிம்மதியாக ரோம் சேர்ந்துவிடுவார். திரும்புவதற்கான உறுதியான ரயில் மாலை 6 மணிக்குத்தான் தொடங்கும். கப்பலோ 7 மணிக்குப் புறப்பட்டுவிடும். உள்ளூர்க்காரருக்கு வசதியாக வகுக்கப்பட்ட அந்த ஏற்பாடு கப்பல் பயணியை நட்டாற்றில் விட்டுவிடும். எனவே பயணத்திற்கு ஒரு வாரம் முன்பு வேலைநிறுத்த அறிவிப்பு உள்ளதா என்று பார்க்கவும். ரோம் நாள் ஞாயிற்றுக்கிழமையா என்றும் பார்க்கவும். மாதத்தின் கடைசி ஞாயிறு நீங்கலாக வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறுகளில் திறப்பதில்லை.

பெரியப்பாவின் தீர்ப்பு இதுதான்: இருபது வயதுப் பிள்ளைகள் இருவர் மட்டும் செல்வதாயின் ரோமுக்கு ரயிலே போதும். தம்பியின் முழங்காலையும், வெயிலில் நடந்தால் தலைசுற்றும் உன் அம்மாவையும் உடன் வைத்துக்கொண்டு செல்லும்போது, அந்த ஒரு நாளைக்குக் கப்பலின் பேருந்தையே எடுத்துக்கொள்வது நல்லது. பல கப்பல்கள், வழிகாட்டியும் நுழைவுச்சீட்டும் இல்லாமல், ஊருக்குக் கொண்டுவிட்டுத் திரும்ப அழைத்துவரும் பேருந்தை மட்டும் குறைந்த விலையில் விற்கின்றன. நேரத்திற்கான உறுதியும் கிடைக்கும், கொடிபிடித்த வழிகாட்டிக்குப் பின்னால் நாற்பது பேருடன் ஓட வேண்டிய தேவையும் இராது. பெரும்பாலோர் கண்ணில் படாமல் பட்டியலின் கடைசியில் கிடக்கும் இதைத் தேடி எடுக்கவும்.

ஏதென்ஸ் நாளுக்குக் கப்பல் சுற்றுலா தேவையில்லை. பிரேயஸ் துறைமுகத்திலிருந்து நகரம் பத்துக் கிலோமீட்டர் அளவே. மெட்ரோ, பேருந்து, டாக்சி என மூன்று வழிகள் இருப்பதால் ஒன்று நின்றால் மற்றொன்றில் திரும்பலாம். அக்ரோபொலிஸ் குன்றுக்கு நேரம் குறித்த நுழைவுச்சீட்டு வேண்டும்; கடுங்கோடை நாள்களில் நண்பகலில் மூடிவிடுவதும் உண்டு என்பதால் காலை முதல் வேளைக்கே வாங்கிவிடவும். நேப்பிள்ஸிலும் அப்படியே. கப்பல் நகரத்தின் மடியிலேயே நிற்கும். காரிபால்டி நிலையத்திலிருந்து சர்க்கும்வெசுவியானா ரயிலில் பொம்பெய் இடிபாடுகளின் வாயிலுக்கு ஏறத்தாழ நாற்பது நிமிடம். நாளொன்றுக்கு 20,000 பேர் மட்டுமே என்ற வரம்பு 2024 நவம்பர் முதல் அங்கு உள்ளதால் பெயர் பொறித்த சீட்டை முன்னரே வாங்கவும். அந்த ரயிலில் கூட்டமும் உண்டு, கூட்டத்தில் ஜேப்படித் திருடரும் உண்டு. பாஸ்போர்ட்டை உள்பையில் வைக்கவும்.

சாந்தோரினி தீவோ தனி இனம். அங்கு கப்பல் கரையணைவதில்லை. நங்கூரமிட்டு நிற்க, டெண்டர் எனப்படும் சிறு படகுகளில் பயணிகள் கரை சேர்க்கப்படுகின்றனர். முதல் படகுகள் கப்பல் சுற்றுலா வாங்கியவர்களுக்கே ஒதுக்கப்படுவது வழக்கம். அவர்கள் பெரும்பாலும் அத்தினியோஸ் துறையில் இறங்கிப் பேருந்தில் மலையேறிவிடுவர். மற்றவர்கள் பழைய துறையில் இறங்கி, செங்குத்தாகத் தலைக்குமேல் நிற்கும் ஃபிரா ஊருக்குக் கேபிள் காரிலோ, கழுதையிலோ, 580க்கும் மேற்பட்ட படிகளிலோ ஏற வேண்டும். அந்தப் படிகளில்தான் கழுதைகளும் ஏறி இறங்குகின்றன. சாணமும் பல ஆண்டுக் காலடிகளால் வழவழப்பாகிப்போன கல்லும் சேர்ந்து, இறங்கும்போது இளங்கால்களுக்கே வழுக்கும். ஆதலால் தம்பியின் முழங்காலுக்குப் படியும் வேண்டாம், கழுதையும் வேண்டாம். அந்த வாயில்லா உயிர்கள் வெயிலில் படும் பாட்டைப் பார்த்தபின் அவற்றின்மேல் ஏற மனமும் வராது. ஒரே நாளில் பல கப்பல்கள் வந்துவிட்டால் கேபிள் காருக்கு ஒரு மணி நேரத்திற்கும் மேல் வரிசை நீளும். இங்கு ஒரு செய்தியைக் கப்பலில் எவரும் எடுத்துச் சொல்வதில்லை: கப்பல் சுற்றுலாவும் பெரும்பாலும் ஃபிராவிலேயே முடிகிறது, அதில் சென்றவர்களும் மாலையில் அதே கேபிள் கார் வரிசையில் நின்றுதான் இறங்க வேண்டும். எனவே இவ்வூரில் வாங்குவது காலை நேரத்தின் முன்னுரிமையை மட்டுமே. பெற்றோர் உடன் வருவதால் அதை வாங்குவது தகும். மாலையில் கடைசிப் படகுக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே வரிசையில் நின்றுவிடவும்.

துருக்கியின் குஷாடாசி துறைமுகத்திலிருந்து எபேசஸ் இடிபாடுகள் இருபது கிலோமீட்டர் அளவில் உள்ளன. நல்ல மதிப்புரை பெற்ற உள்ளூர் வழிகாட்டியை வேனுடன் அமர்த்திக்கொள்வதே அங்கு சிறந்தது. கப்பல் சுற்றுலாவாயினும் தனிச் சுற்றுலாவாயினும் கம்பளக் கடையில் ஒரு மணி நேரம் உட்காரவைப்பது அங்கு வழக்கம் என்பதால், கடை வேண்டாம் என்பதை முன்பணம் கட்டும் முன்னரே எழுத்தில் வாங்கிக்கொள்ளவும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா செல்லும் ஷெங்கன் பகுதிக்கு வெளியே துருக்கி இருப்பதால், அங்கு போய்விட்டு மீண்டும் கிரேக்கத்திற்கோ இத்தாலிக்கோ திரும்பும் இந்தியக் கடவுச்சீட்டாளருக்குப் பலமுறை நுழையும் ஷெங்கன் விசா தேவை. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு நின்றுவிட்டால் மற்ற திட்டங்கள் எல்லாம் வீண்.

கப்பல் விற்பதால் அந்தச் சுற்றுலா ஆபத்தற்றது என்று கருதிவிடுவதும் கூடாது. 2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் வக்காரி எரிமலைத் தீவு வெடித்தபோது அங்கிருந்த 47 பேரில் 22 பேர் உயிரிழந்தனர். அந்த 47 பேரில் பெரும்பாலோர் ஒரு சொகுசுக் கப்பலிலிருந்து சுற்றுலா சென்றவர்கள். எரிமலையோ, மலைப்பாதையோ, ஆழ்கடல் நீச்சலோ எதுவாயினும், அது பெற்றோருக்கு ஏற்றதா என்று தனியாக விசாரிப்பது பிள்ளையின் கடமை. அந்த விசாரணையைக் கப்பல் நிறுவனம் நமக்காகச் செய்துவைத்திருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

கடல் கொந்தளிப்பால் கப்பல் ஒரு துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போவதும் உண்டு. சாந்தோரினி போன்ற படகுத் துறைகளில் இது மிகுதி. கப்பலிடம் வாங்கிய சுற்றுலாவின் பணம் அப்போது தானாகத் திரும்பும். வெளியில் வாங்கியதற்கு ரத்து விதியே கதி. கப்பல் வராவிட்டால் முழுப்பணமும் திரும்பும் என்று எழுதித் தருபவரிடம் மட்டுமே பதிவு செய்யவும்.

தனியாக இறங்கும் நாள்களில் திரும்பும் நேரத்தைக் கப்பலின் கடிகாரப்படி கணக்கிடவும்; கப்பல் நேரமும் கரை நேரமும் ஒன்றாகவே இருக்கும் என்பதில்லை, கைப்பேசியோ கரை நேரத்திற்குத் தானாகவே மாறிவிடும். குறித்த நேரத்திற்கு இரண்டு மணி நேரம் முன்பாகத் துறைமுகத்தில் இருப்பதாகத் திட்டமிடவும். ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பலின் சார்பில் செயல்படும் உள்ளூர்ப் பொறுப்பாளருக்குப் போர்ட் ஏஜென்ட் என்று பெயர். அறைக்கு வரும் அன்றாடத் தாளில் அவருடைய தொலைபேசி எண் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். தாளின் அந்தப் பகுதியைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, மூவரின் பாஸ்போர்ட் நகல்களையும் இரண்டு நாளுக்கான மருந்துகளையும் ஒரே பையில் வைத்து, அந்தப் பையைத் தம்பியிடம் கொடுக்காமல் நீயே தோளில் மாட்டிக்கொள்ளவும். தம்பி எதையும் எங்கேனும் வைத்துவிட்டு வந்துவிடுவார் என்பது வீட்டில் அனைவரும் அறிந்தது.

துறைமுகப் பட்டியல் கைக்கு வந்ததும் ஒரு நகலை அனுப்பி வைக்கவும்; ஒவ்வொரு ஊருக்கும் எதிரே தொலைவைக் குறித்து மறுதபாலில் திருப்பி அனுப்பப்படும்.

இப்படிக்கு,
பெரியப்பா