கோள்கள் எட்டா? ஒன்பதா?

கதிரவனைச் சுற்றிவரும் கோள்கள் எத்தனை? பெற்றோரைக் கேட்டால் 'ஒன்பது' என்பர். பிள்ளைகளைக் கேட்டால் 'எட்டு' என்பர். இருவரும் தத்தம் பள்ளியில் கற்றதையே கூறுகின்றனர். அவ்வாறாயின் ஒரு கோள் எங்கே போயிற்று?

அக்கோளின் பெயர் புளூட்டோ. அதனைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க நாட்டினரான கிளைடு டாம்பா. அவர் உழவர் குடும்பத்துப் பிள்ளை. ஆலங்கட்டி மழையால் பயிர் அழிந்தமையின் கல்லூரி செல்லும் வாய்ப்பை இழந்தார். எனினும் மனந்தளராது, தாமே தொலைநோக்கி செய்து, செவ்வாயையும் வியாழனையும் கண்டவாறே வரைந்து லோவெல் வானாய்வகத்திற்கு அனுப்பினார். அப்படங்களே அவருக்கு அங்கு வேலை பெற்றுத் தந்தன. ஆறு நாள் இடைவெளியில் எடுத்த இரு நிழற்படங்களை 1930 பிப்ரவரி 18ஆம் நாள் ஒப்பிட்டபோது, ஒரு சிறு புள்ளி மட்டும் இடம்பெயர்ந்திருக்கக் கண்டார். அப்புள்ளியே புளூட்டோ. அப்பொழுது அவருக்கு வயது 24. 'புளூட்டோ' என்னும் பெயரை முன்மொழிந்தவரோ, இங்கிலாந்தைச் சேர்ந்த 11 வயதுச் சிறுமி வெனிஷியா பர்னி.

பின்னர் ஐயங்கள் எழுந்தன. புளூட்டோவின் விட்டம் 2,377 கிலோமீட்டர். நம் நிலவின் விட்டமோ 3,474 கிலோமீட்டர். 1992 முதல், நெப்டியூனுக்கு அப்பால் பனிப்பொருள்கள் பல அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டன. 2005இல் அறிவிக்கப்பட்ட ஏரிஸ், புளூட்டோவினும் நிறை மிகுந்தது. புளூட்டோ கோளாயின் ஏரிசும் கோளன்றோ? இவ்வாறு வழக்கு வலுத்தது.

2006 ஆகஸ்ட் 24ஆம் நாள், செக் நாட்டின் பிராக் நகரில் கூடிய அனைத்துலக வானியல் கழகம் கோளுக்கு மூன்று இலக்கணங்களை வகுத்தது. ஒன்று, அது கதிரவனைச் சுற்றிவருதல் வேண்டும். இரண்டு, தன் ஈர்ப்பு விசையால் உருண்டை வடிவம் பெற்றிருத்தல் வேண்டும். மூன்று, தன் பாதையை ஒட்டிய பிற பொருள்களை அகற்றித் தானே தலைமை பெற்றிருத்தல் வேண்டும். முதல் இரண்டும் புளூட்டோவிற்குப் பொருந்தின, மூன்றாவது பொருந்தவில்லை. ஆகவே அது 'குறுங்கோள்' எனப்பட்டது.

இத்தீர்ப்பை ஏற்காத அறிஞரும் உளர். ஒரு பொருளை அதன் தன்மை கொண்டு மதிப்பிட வேண்டுமேயன்றி, அதன் அக்கம்பக்கத்தைக் கொண்டு மதிப்பிடலாகாது என்பது அவர்தம் வாதம். 2015 ஜூலை 14ஆம் நாள் புளூட்டோவை அணுகிய நியூ ஹொரைசன்ஸ் விண்கலம், அங்கே பனிக்கட்டி மலைகளையும் பரந்த நைட்ரசன் பனிவெளியையும் படம்பிடித்தது. அக்கலத்தில் டாம்பாவின் அஸ்தியில் ஒரு பகுதியும் சென்றது.

கோயிலில் நாம் வலம்வரும் நவக்கிரகங்களை எண்ணிப் பாருங்கள். அவற்றுள் ஞாயிறும் திங்களும் உண்டு. நாம் வாழும் பூமி இல்லை. அக்கணக்கு வேறு, வானநூற் கணக்கு வேறு. ஒரு சொல்லுக்கு நாம் வகுக்கும் பொருளைப் பொறுத்தே எண்ணிக்கை அமைகிறது.

எனவே மாணவச் செல்வங்களே, தேர்வில் 'எட்டு' என்றே எழுதுங்கள். ஏன் எட்டு என்பதையும் அறிந்து எழுதுங்கள். பெற்றோர் 'ஒன்பது' என்றால் நகையாடாதீர். அருகமர்ந்து காரணத்தை எடுத்துரையுங்கள். புளூட்டோ தன் பாதையில் மாறாது செல்கிறது. மாறியது நம் அறிவே. காரணம் காட்டி வாதிடுவதும், சான்று கண்டவிடத்துத் திருத்திக்கொள்வதுமே அறிவியலின் அழகு.