விழாவுக்கு நன்கொடையா? முதலில் பட்ஜெட்டைக் கேட்போம்



தை பிறந்துவிட்டால் கல்லூரி மாணவர்கள் ரசீதுப் புத்தகத்தோடு கடைவீதிக்கு வரத் தொடங்கிவிடுவார்கள். "அண்ணாச்சி, எங்கள் மன்ற விழா. உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்" என்பார்கள். வியாபார நேரத்தில் பத்துப் பேர் கல்லாவின் முன் வந்து நின்றால், நூறு ரூபாயைக் கொடுத்து அனுப்புகிறோம். அல்லது "முதலாளி வெளியூர் போயிருக்கிறார்" என்று சொல்லச் சொல்கிறோம். இரண்டுமே சரியல்ல என்பதை நாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

1998ஆம் ஆண்டு ஒரு கல்லூரி மன்றத்தின் விழாச் சாப்பாட்டுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் என்று 9,000 ரூபாய்ச் சரக்கை நம் கடையிலிருந்து கடனாகக் கொடுத்தோம். "மூன்று பெரிய இடங்களில் நன்கொடை சொல்லியிருக்கிறார்கள், விழா முடிந்த மறுநாள் தந்துவிடுகிறோம்" என்றான் செயலாளர் பையன். மூன்றில் இரண்டு இடத்துப் பணம் வரவே இல்லை. வந்த 3,000 ரூபாயை நம்மிடம் கட்டிவிட்டு, பாக்கிக்கு மாதம் 500 ரூபாயாக அவனே கொண்டுவந்து கொடுத்தான். நாமும் பேரேட்டில் வரவு வைத்துக்கொண்டே வந்தோம். நான்காம் மாதம் அவனுடைய தகப்பனார் கடைக்கு வந்தார். மகன் தேர்வுக் கட்டணத்தை இங்கே கட்டிவிட்டான் என்று அவர் சொன்னபோது நமக்குத் தலை நிமிரவில்லை. அதுவரை வாங்கிய 1,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, மீதியைத் தள்ளுபடி எழுதினோம். ஒரு சில்லறைக் கடைக்காரருக்குச் சரக்கு கொடுப்பதென்றால் அவருடைய வரவு செலவை விசாரிக்காமல் கொடுப்போமா? பையனிடம் மட்டும் ஏன் கேட்காமல் விட்டோம்?

அன்று முதல் நம் கடையில் ஒரே விதி: பட்ஜெட் தாள் இல்லாமல் பணமும் இல்லை, சரக்கும் இல்லை. அந்தத் தாள் எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்போம். 300 பேர் கலந்துகொள்ளும் ஒருநாள் விழாவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

செலவு:
மதியச் சாப்பாடு (300 × 80) – ரூ. 24,000
தேநீர், இரண்டு வேளை (300 × 2 × 10) – ரூ. 6,000
மேடை, ஒலிபெருக்கி – ரூ. 7,000
பரிசுகள் – ரூ. 6,000
விருந்தினர் பயணம், பொன்னாடை – ரூ. 4,000
அழைப்பிதழ், பேனர் – ரூ. 3,000
எதிர்பாராத செலவுக்கு பத்தில் ஒரு பங்கு – ரூ. 5,000
மொத்தம் – ரூ. 55,000

வரவு:
மாணவர் பங்கு (300 × 50) – ரூ. 15,000
கல்லூரி நிதி – ரூ. 10,000
முன்னாள் மாணவர்கள் – ரூ. 10,000
கடைவீதி விளம்பரம் (10 கடைகள் × 2,000) – ரூ. 20,000
மொத்தம் – ரூ. 55,000

இந்தத் தாளை வைத்துக்கொண்டு மாணவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டிய பாடங்கள் நான்கு.

முதலாவது, செலவில் இரண்டு வகை உண்டு. மேடையும் ஒலிபெருக்கியும் கடை வாடகை போல. நூறு பேர் வந்தாலும் முந்நூறு பேர் வந்தாலும் ஒரே தொகைதான். சாப்பாடு சரக்குக் கொள்முதல் போல. தலைக்கணக்கில் ஏறி இறங்கும். ஆகவே இரண்டு நாள் முன்னதாகப் பங்குப் பணம் கட்டியவர்களை எண்ணிய பிறகே இலைக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, சொன்ன பணம் வந்த பணம் ஆகாது. நிலுவையை நம்பிக் கொள்முதல் செய்த கடை என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கைக்கு வந்திருக்கும் தொகைக்கு மேல் எதற்கும் ஆர்டர் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, பணம் குறைந்தால் எதை வெட்டுவது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். முதலில் பேனர், அடுத்து பொன்னாடை, பிறகு பரிசின் மதிப்பு என்று வரிசை இருந்தால் கடைசி நேரத்தில் கடன் வாங்க வேண்டியிராது.

நான்காவது, தன் பங்கைப் போடாதவன் பிறரிடம் கேட்கக் கூடாது. மாணவர் பங்கும் கல்லூரி நிதியும் வந்த பிறகே கடைவீதிக்கு வரட்டும். "பத்துக் கடைகளில் நீங்கள் ஒருவர், உங்கள் பங்கு 2,000" என்று கேட்டால் கொடுப்பவருக்கும் தெளிவு இருக்கும்.

இனி நம் பக்கம் கவனிக்க வேண்டியவை. துறைத் தலைவர் அல்லது முதல்வரின் கையொப்பமும் முத்திரையும் உள்ள கடிதம் கேளுங்கள். பணத்தை எந்த மாணவரின் செல்போனுக்கும் அனுப்பாமல், கல்லூரி அல்லது மன்றத்தின் வங்கிக் கணக்குக்குக் காசோலையாகவோ வங்கி மூலமாகவோ கொடுங்கள். விழா மலரில் கடையின் விளம்பரம் வந்தால் அதற்கு உரிய பில்லையும் மலரின் ஒரு பிரதியையும் வாங்கி வையுங்கள். விளம்பரச் செலவு என்று கணக்கில் காட்ட அவை வேண்டும். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை வேண்டுமென்றால் பெறுகிற நிறுவனத்துக்கு அதற்கான அங்கீகாரம் இருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பின் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு அந்தச் சலுகை இல்லை. பிஸ்கட், குளிர்பானம் என்று கடைச் சரக்கை இலவசமாகக் கொடுப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கவும்: ஜி.எஸ்.டி. சட்டப்படி, அன்பளிப்பாகக் கொடுத்த சரக்குக்கு எடுத்த இன்புட் வரியைத் திருப்பிவிட வேண்டும்.

விழா முடிந்த பதினைந்து நாளில் பில்களோடு கணக்கைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். மீதம் இருந்தால் அடுத்த ஆண்டு வரவில் முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள். கணக்கோடு திரும்பி வருகிற மன்றத்துக்கு மறு வருடம் நாமே கூப்பிட்டுக் கொடுக்கலாம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் நம் பெரியவர்கள். கல்லாவின் முன் நிற்கும் பிள்ளைகள் நாளை நம்மிடம் கணக்கெழுத வரலாம். நம்மைப் போல் கடையும் வைக்கலாம். 2,000 ரூபாயோடு பத்து நிமிடமும் ஒதுக்கி, அவர்களை உட்காரவைத்து அந்தத் தாளை ஒருமுறை பார்த்துக் கொடுங்கள். அன்று அந்தப் பையனுக்கு நாம் கொடுக்கத் தவறியது அந்தப் பத்து நிமிடத்தைத்தான்.