பிளேட்டைக் கழற்றும் முன் வயரைப் பாருங்கள்

அவலூர்பேட்டையில் வாரச்சந்தை கூடும் நாளில் கடைவீதியில் ஊர்ந்து போகும் பைக்குகளைக் கொஞ்ச நேரம் கவனித்தால், கிளட்ச் ஏன் தேய்கிறது என்பது விளங்கிவிடும். பின்சீட்டில் தீவன மூட்டை, டேங்க் மேல் ஓர் ஆட்டுக்குட்டி, முன்னால் நகராத மினி லாரி. ஓட்டுகிறவரின் இடது கை லீவரைப் பாதி பிடித்தபடியே இருக்கும். அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகும் சாலையிலும் இதே நிலைதான். பட்டறைக்காரர்கள் 'ஹாஃப் கிளட்ச்' என்று திட்டுவது இந்தப் பழக்கத்தைத்தான். சந்தைக்கு வரும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிகளுக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. அவற்றில் இருப்பது தானாகப் பிடித்து விடும் கிளட்ச், பிடிக்க லீவரே கிடையாது.

“அண்ணே, பிக்கப்பே இல்ல. பிளேட் மாத்திடலாமா?” என்று ஒருவர் வண்டியோடு வந்தால், அனுபவமுள்ள மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுப்பதில்லை. “இரு தம்பி, மொதல்ல வயரக் காட்டு” என்பார். வீட்டில் செய்பவரும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

லீவரைப் பிடித்தவுடன், கிளட்ச் இழுபடுவதற்கு முன், அதன் நுனி கொஞ்ச தூரம் சும்மா ஆட வேண்டும். ஸ்பிளெண்டர் போன்ற 100 சி.சி. வண்டிகளின் கையேடுகள் இந்த ஆட்டத்தை 10 முதல் 20 மில்லிமீட்டர் என்கின்றன. ஆட்டமே இல்லாவிட்டால், கையை எடுத்த பிறகும் வயர் கிளட்சை இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்குகளால் பிளேட்டுகளை முழுசாக அழுத்திப் பிடிக்க முடியாது. எஞ்சின் உறுமும், வண்டி போகாது. ஆட்டம் அதிகமானால் கோளாறு தலைகீழ்: லீவரை முழுக்கப் பிடித்தாலும் கிளட்ச் விடாது, கியர் போட்டதும் வண்டி ஒரு குதி குதிக்கும், நியூட்ரல் விழாமல் கால் வலிக்கும். பிளேட் தேயத் தேய இந்த ஆட்டம் தானாகவே குறைந்துகொண்டு வரும். அதனால் ஒருமுறை சரிசெய்துவிட்டு மறந்துவிட முடியாது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி வைத்தும் பார்க்க வேண்டும். திருப்பும்போது ஆட்டம் மாறினால் வயர் எங்கோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

வயர் அறுவது பெரும்பாலும் லீவருக்குள் உட்காரும் நிப்பிளுக்குப் பக்கத்தில்தான். ரப்பரை ஒதுக்கிப் பார்த்தால், முறுக்கிய இழைகளில் ஒன்றிரண்டு அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்த அன்றே வயரை மாற்றிவிடுவது நல்லது. ராத்திரியில் திருவண்ணாமலை ரோட்டில் அறுந்தால் தள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான். நல்ல வயருக்கு எண்ணெய் விடுவது எளிது. பாலித்தீன் பையின் ஒரு முனையைக் கத்தரித்து, வயரின் மேல் முனையில் நூலால் இறுகக் கட்டி, உள்ளே மெல்லிய மெஷின் ஆயிலை ஊற்றித் தொங்கவிட்டால், அடிமுனையில் கறுப்பாகச் சொட்டத் தொடங்கும். சொட்டு தெளிந்ததும் நிறுத்திவிடலாம். அடுப்படியில் இருக்கும் தேங்காய் எண்ணெய் இதற்கு ஆகாது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், மார்கழிக் காலையில் லீவர் கல்லாக இருக்கும்.

வயர் சரியாக இருந்தும் கிளட்ச் வழுக்கினால் அடுத்த சந்தேகம் ஆயில். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச், எஞ்சின் ஆயிலிலேயே முழுகிக் கிடக்கிறது. (பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில் பிரைமரி செயின் பெட்டிக்குத் தனி ஆயில், அந்த வண்டிக்காரர்களின் கணக்கே வேறு.) எரிபொருள் மிச்சமாக வேண்டும் என்பதற்காகக் கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் பொருள்களைச் சேர்க்கிறார்கள். காருக்கு அது லாபம், உராய்வையே நம்பிப் பிழைக்கும் பைக் கிளட்சுக்கு நஷ்டம். இதற்காகவே ஜப்பானின் ஜாஸோ அமைப்பு 1998-இல் ஒரு தர முறையைக் கொண்டுவந்தது. கேனின் பின்பக்கத்தில் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருந்தால் கியர் பைக்குக்கு வாங்கலாம். எம்.பி. என்பது ஸ்கூட்டருக்கு. மிச்சமிருந்த கார் ஆயிலை ஊற்றும் சிக்கனம் கடைசியில் பிளேட் செட் விலையில் போய் முடியும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வழுக்கினால், திறக்கத்தான் வேண்டும். ஆயில் மாற்றும் நாளோடு சேர்த்து வைத்துக்கொண்டால் ஒரே வடிப்பில் வேலை முடியும். வலது பக்கக் கவரின் போல்ட்டுகள் ஒரே நீளமாக இருப்பதில்லை. அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்திலேயே குத்தி வைத்தால் மாட்டும்போது குழப்பம் வராது. ஒட்டிக்கிடக்கும் பழைய பேக்கிங்கை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டக் கூடாது. அலுமினியத்தில் விழும் ஒரு கீறல் போதும், ஆயில் கசியும். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும்.

சில வண்டிகளில் நடுவே நான்கு வெட்டு உள்ள நட் ஒன்று வழிமறிக்கும். அதற்கென்று தனி பாக்ஸ் ஸ்பேனர் உண்டு. அது கையில் இல்லாதவர் உளியும் சுத்தியலும் எடுப்பதைவிட, அந்த ஒரு நட்டுக்காக மட்டும் பட்டறைக்குப் போவது மேல்.

பிளேட்டுகள் வெளியே வந்ததும் அடுக்கிய வரிசையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். உராய்வு பிளேட்டின் தடிமனை வெர்னியரில் அளந்து கையேட்டு எல்லையோடு ஒப்பிட வேண்டும். ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்து விரலால் அழுத்தினால் ஆடுகிறதா என்று தெரியும். ஆடினால் அது வளைந்த பிளேட். நீலம் பாய்ந்திருந்தால் சூடேறி வெந்தது. ஸ்பிரிங்குகளும் தளர்ந்து நீளம் குறையும். பிளேட் மட்டும் வாங்கி, பழைய ஸ்பிரிங்கையே போடுவது பாதி வைத்தியம். ஹவுசிங்கின் விரல்களில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் தடவிப் பார்க்க வேண்டும். பிளேட் அங்கே மாட்டிக்கொண்டால், புதுச் செட் போட்டும் கிளட்ச் ஒழுங்காக விடாது.

புது உராய்வு பிளேட்டுகளை முதல் நாள் இரவே புது எஞ்சின் ஆயிலில் ஊறப்போட்டுவிட வேண்டும். காய்ந்தபடி மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே கருகும். ஸ்பிரிங் போல்ட்டுகள் சின்னவை, அலுமினியத்துக்குள் போகிறவை. முழுப் பலத்தைக் காட்டினால் மரை பிடுங்கிக்கொள்ளும். கவர் மூடி, ஆயில் ஊற்றி, லீவர் ஆட்டத்தை மறுபடி வைத்த பிறகு, தெருவை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்து பேக்கிங் ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கலாம். புதுப் பிளேட் கொஞ்சம் படிந்ததும் ஆட்டம் மாறும்; அடுத்த சந்தைக்குக் கிளம்பும் முன் அதை ஒருமுறை அளந்துவிட்டால் போதும்.