பூண்டு பச்சையானால் பயமா?

கேள்வி: மழைக்காலச் சளிக்கு வினிகர் டானிக் போட்டு வைத்தேன். எங்கள் பக்கத்துச் சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்சை மஞ்சள், மிளகு, ஓமவல்லி இலை. நெடி தாங்காது என்று வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தேன். ஒரு வாரத்தில் பூண்டெல்லாம் நீலமும் பச்சையுமாகிவிட்டது. விஷமாகிவிட்டதா? சர்க்கரை மாத்திரை சாப்பிடும் மாமியாருக்கும், பத்து மாதக் குழந்தைக்கும் இதில் தேன் கலந்து கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, வாலிகண்டபுரம்

பதில்: நிறத்துக்குப் பயப்படாதீர்கள் அம்மா. நறுக்கிய பூண்டின் கந்தகச் சேர்மங்கள் புளிப்பில் அமினோ அமிலங்களோடு சேர்ந்தால் இந்த நிறம் வரும். குளிரில் வைத்திருந்த பூண்டென்றால் இன்னும் சீக்கிரம் வரும். வட சீனாவில் பூண்டை வேண்டுமென்றே வினிகரில் ஊறப்போட்டு, பச்சையானதும் ‘லாபா பூண்டு’ என்று ருசித்துச் சாப்பிடுகிறார்கள். செம்பு, பித்தளை ஏதாவது அதில் பட்டிருந்தால் மட்டும் அது வேறு பச்சை, களிம்பு. அதை வாயில் வைக்கக் கூடாது.

எனக்கு உறுத்துவது நீங்கள் கலந்த தண்ணீர்தான். வினிகரில் குறைந்தது 3.75 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும் என்பது நம் உணவுப் பாதுகாப்பு விதி. கடையில் பெரும்பாலும் 4, 5 சதவீதம் கிடைக்கும். நீங்கள் அதைப் பாதியாக்கிவிட்டீர்கள். வெங்காயமும் இஞ்சியும் விடும் நீர் வேறு. மண்ணோடு வரும், நஞ்சு சுரக்கும் பாட்டுலினம் கிருமி, பிஎச் அளவு 4.6-க்குக் கீழே இருந்தால்தான் அடங்கிக் கிடக்கும். வீட்டில் பிஎச்சைச் சரியாக அளப்பது கடினம், நஞ்சு இருந்தால் முகர்ந்து பார்த்தும் தெரியாது. உங்கள் பக்கத்துச் செட்டிகுளம் வெங்காயம் வீணாகிறதே என்று மனசு கேட்காதுதான், ஆனாலும் கொட்டிவிடுங்கள்.

அடுத்த முறை கழுவி ஈரம் போக உலர்த்திய சரக்கைக் கண்ணாடி ஜாடியில் பாதி அளவுக்குப் போட்டு, எல்லாம் மூழ்கும்படி தண்ணீர் கலக்காத வினிகர் ஊற்றுங்கள். பிளாஸ்டிக் மூடி நல்லது, இரும்பு மூடி துருப்பிடிக்கும். மூன்று நான்கு வாரம் ஊறியதும் வடிகட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். தண்ணீரைக் குடிக்கும்போது சேருங்கள்: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒன்றிரண்டு டீஸ்பூன், சாப்பாட்டுக்குப் பிறகு. குடித்ததும் வாய் கொப்பளியுங்கள், இல்லையென்றால் பல் எனாமல் போகும்.

அமெரிக்காவில் ரோஸ்மேரி கிளாட்ஸ்டார் என்ற மூலிகையாளர் 1980-ஐ ஒட்டி ‘ஃபயர் சைடர்’ என்று பரப்பிய பானத்தின் உறவுதான் இது. அந்தப் பெயர் ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமா என்று வழக்கு நடந்து, 2019-ல் அது பொதுப்பெயர் என்று தீர்ப்பானது. இவ்வளவு பெயர் வாங்கியும், சளியை இது சீக்கிரம் விரட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. காரமும் சூடும் மூக்கடைப்பைக் கொஞ்ச நேரம் இளக்கும். அந்த வேலையைச் சுக்குமல்லிக் காப்பியும் மிளகு ரசமும் நன்றாகவே செய்யும், என் ஓட்டு அவற்றுக்குத்தான்.

மாமியாருக்கு வினிகர் சர்க்கரையை இன்னும் கொஞ்சம் இறக்கலாம்; மாத்திரை கொடுக்கும் டாக்டரைக் கேட்காமல் தினமும் கொடுக்க வேண்டாம். வயிற்றுப் புண் இருந்தால் வேண்டவே வேண்டாம்.

குழந்தைக்கு டானிக்கும் கூடாது, தேனும் கூடாது. ஒரு வயது முடியும்வரை தேனைத் தொட்டுக்கூட வைக்காதீர்கள். அதே பாட்டுலினம் கிருமியின் வித்து தேனில் இருக்கலாம், பிஞ்சுக் குடல் அதைத் தாங்காது. சளிக்குத் தாய்ப்பாலும் வழக்கமான உணவும் போதும். சளியோடு மூச்சு வாங்கினாலோ, விலா உள்ளிழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.