மின்னணு ஏலத்திற்குக் கொப்பரையை ஆயத்தம் செய்தல்

மல்லசமுத்திரம் வட்டாரத்துக் குடியானவர்களுக்கு ஏலம் புதிதன்று. இவ்வூர்க் கூட்டுறவு விற்பனைச் சங்கத்திற்குப் பருத்தியும் கொப்பரையும் வருவதும், வியாபாரிகள் மூட்டையைப் பிரித்துப் பார்த்து விலை கோருவதும் யாவரும் கண்டதே. 1933-ஆம் வருஷத்துச் சென்னை வியாபாரப் பயிர்கள் சந்தைச் சட்டத்தின்படி 1936-இல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் ஏற்படுமுன், துண்டின் மறைவில் விரலைப் பிடித்து விலை பேசுவது பல சந்தைகளில் வழக்கமாயிருந்தது. மாட்டுச் சந்தைகளில் அப்பழக்கம் அதன் பின்னரும் நெடுங்காலம் நீடித்தது.

2016-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி தொடங்கப்பெற்ற தேசிய மின்னணு வேளாண் சந்தை வேறு விதமானது. நாமக்கல் மாவட்டத்தில் பரமத்திவேலூரை அடுத்த வெங்கமேட்டில் கொப்பரை இம்முறையில் விற்கப்பட்டு வருகிறது. இதில் வியாபாரி சரக்கண்டை நிற்க வேண்டுவதில்லை. தம் கடையிலிருந்தே கைப்பேசி வழியாக விலை போடலாம். நேரில் வந்து பார்ப்பவரும் உண்டு. வாராதவர் நம்புவது குவியலின் எண்ணையும், எடையையும், மாதிரியைச் சோதித்து எழுதிய தரக் குறிப்பையுமே. ஆகவே சரக்கைப் பற்றி வாயாற் புகழ்ந்து பயனில்லை. மாதிரியிற் காணும் குணமே விலையைத் தீர்மானிக்கும். அக்குணம் வீட்டுக் களத்தில் உண்டாக்கப்படுவதாகும்.

காய் நன்கு முற்றியதாயிருத்தல் வேண்டும். இளங்காயின் பருப்பு சுருங்கிச் சுருக்கம் விழுந்து தரத்தைக் கெடுக்கும். உடைத்த காயை அன்றே வெயிலில் இடுக. ஈரப் பருப்பு ஒரு நாள் முடங்கினாலும் பூஞ்சை பிடிக்கும். சுத்தமான சிமெண்டுக் களத்தில் வாய் மேலாகப் பரப்பி, மாலையில் பனி படாமல் மூடி வைக்க வேண்டும். இரண்டொரு நாளில் பருப்புச் சிரட்டையை விட்டு அகலும். அதன்பின் தோண்டியெடுத்து மறுபடியும் சில நாள் உலர்த்துக. பச்சைப் பருப்பில் ஏறக்குறையப் பாதி நீரே. அரவைக் கொப்பரையில் ஈரம் நூற்றுக்கு 6 பங்குக்கு மேற்படாதிருத்தல் நலம். உடைத்தால் படக்கென முறிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் காயவில்லை. வெயிலில் இருந்த சூட்டோடு சாக்கில் கட்டாமல், ஆறவிட்டுக் கட்டுக.

உலர்த்தினால் எடை குறைந்து நஷ்டமாகுமே என்று அஞ்சுவோர் பலர். இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். நூற்றுக்கு 10 பங்கு ஈரமுள்ள 100 கிலோ கொப்பரை, 6 பங்கு ஈரத்திற்கு வரும்போது சுமார் 95¾ கிலோ நிற்கும். ஈரச் சரக்கிற்குக் கிலோ 100 ரூபாய் வீதம் கோரப்படின், காய்ந்ததற்கு 104½ ரூபாய் கிடைத்தாலே எடைக்குறைவு ஈடாகிவிடும். அதற்கு மேற்பட்டதெல்லாம் ஆதாயம். மூட்டையில் பூஞ்சை பிடித்துக் கழிக்கப்படும் பருப்போ இக்கணக்கில் சேரவில்லை.

கறுத்ததையும், பூஞ்சை பிடித்ததையும், துண்டுகளையும் நல்ல பருப்பினின்று பிரித்துத் தனிக் குவியலாகக் கொணர்வது அவசியம். கலந்த குவியலுக்கு அதிலுள்ள மட்டமான சரக்கை எண்ணியே விலை வரும். மேலே நல்லதும் அடியில் மட்டமும் வைக்கும் தந்திரம் எடைபோடும்போது வெளிப்பட்டு, பேசிய விலையே தகராறாகும்.

இனிக் காகித வேலை. ஏலத்தன்று வாயிலில் நின்று பதிவு செய்ய முற்படுவது தாமதத்திற்கிடம். பெயர், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் ஆகியவற்றை முன்னரே பதிந்துகொள்க. கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிசகினும் பணம் வந்து சேராது. பலர் தம் மகனுடைய கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிடுகின்றனர். மகன் திருப்பூரில் வேலையிலிருக்க, செய்தி அவனுக்குப் போகும். தகப்பனார் கூடத்தில் விலையறியாது நிற்பார். எழுத்தறியாத சிறு குடியானவர்களின் வங்கிப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் கிராம நிர்வாக அலுவலர் ஒருமுறை ஒத்துப் பார்த்துக் கொடுத்தால் பெரிய உபகாரமாகும்.

சரக்கு விலை கோரும் நேரத்திற்கு வெகு முன்னரே கூடம் சேர வேண்டும். மாதிரி எடுத்துச் சோதித்துக் குவியலுக்கு எண் இடுவதற்கு அவகாசம் தேவை. பிந்தியது அடுத்த ஏலத்திற்கே நிற்கும்.

உச்ச விலை வந்தாலும் அதை ஏற்பதும் மறுப்பதும் சரக்குடையவர் உரிமை. மறுக்கும் உரிமையைப் பயன்படுத்த, முந்தின ஏல விலையையும் அரசாங்கத்தின் குறைந்தபட்ச ஆதரவு விலையையும் விசாரித்து, இதற்குக் கீழ் கொடுப்பதில்லை என்ற ஓர் எல்லையை வீட்டிலேயே குறித்துக்கொண்டு வருக. மல்லசமுத்திரத்திலிருந்து போய்வரும் வண்டிக் கூலியையும், மறுமுறை ஏற்றியிறக்கும் கூலியையும் அவ்வெல்லையில் சேர்த்துக் கணக்கிடுதல் வேண்டும். சொற்ப வித்தியாசத்திற்காகச் சரக்கைத் திருப்பியேற்றினால் அதைவிட அதிகம் வண்டிக்கே போய்விடும்.