காதை மூடினால் மட்டும் போதுமா?

சென்னை சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் போகும் மின்சார ரயில்களில், ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களின் காதுகளைக் கவனியுங்கள். சிறிய இயர்போன்களுக்கு நடுவே, காதையே முழுசாக மூடும் பெரிய ஹெட்போன்களும் இப்போது தென்படுகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூர் பக்கம் காக்களூர் தொழிற்பேட்டையிலும் வேலை பார்ப்பவர்களுக்கு அது வழித்துணை. நாலைந்து பேராக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கோ அதைவிட அவசியம். நைட் ஷிஃப்ட் முடித்து ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால், பின்பக்கம் ஓட்டையில்லாத ‘குளோஸ்டு பேக்’ ஹெட்போன்தான் சரிப்படும். சத்தம் வெளியே அதிகம் கசியாது. ஆனால் அதைப் பற்றி உலவும் நம்பிக்கைகளில் சில, காசுக்கு நஷ்டம். ஒன்று காதுக்கே நஷ்டம். முதலில் அது.

நம்பிக்கை: காதைத்தான் மூடுகிறதே, மெஷின் பக்கத்திலும் இதையே போட்டுக்கொள்ளலாம்.

கூடவே கூடாது. பிரஸ் ஷாப்பிலும் ரோலிங் மில்லிலும் கொடுக்கும் இயர் மஃபும் இதுவும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் வரும் குழப்பம் இது. தரமான இயர் மஃப் எத்தனை டெசிபல் குறைக்கும் என்று அளந்து, அந்த எண்ணை அட்டையிலேயே போட்டிருப்பார்கள். பாட்டுக் கேட்கும் ஹெட்போன்கள் அந்த வேலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கிரைண்டரின் கீச்சுச் சத்தத்தை ஓரளவு தடுக்கும். மோட்டாரின் உறுமல் உள்ளே வந்துவிடும். அதற்கு மேல் பாட்டுக் கேட்கவேண்டுமே என்று வால்யூமை ஏற்றுவோம். இரண்டும் சேர்ந்து காதில் இறங்கும். பின்னால் வரும் ஃபோர்க்லிஃப்ட்டின் ஹாரன் கேட்காமல் போவது தனி ஆபத்து.

இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, தன் மூன்றாம் அட்டவணையில், அறிவிக்கவேண்டிய தொழில்நோயாகச் சேர்த்தது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபல் இரைச்சலில் 8 மணி நேரம்வரை இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 100 என்றால் வெறும் 15 நிமிடம். போன செவி திரும்பி வராது; உட்செவியில் அழிந்த நுண்மயிர் செல்கள் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை.

நம்பிக்கை: நாய்ஸ் கேன்சலிங் இருந்தால் எந்தச் சத்தமும் வராது.

வரும். வெளிச்சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கி அடக்கும் வித்தை இது. வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ், 1978-இல் ஜூரிக்கிலிருந்து திரும்பும் விமானத்தில் இன்ஜின் இரைச்சலில் பாட்டுக் கேட்க முடியாமல் யோசித்ததில் பிறந்தது அவர் நிறுவனத்தின் ஹெட்போன். ஒரே சீராக ஓடும் தாழ்ந்த சத்தத்துக்கு அது கெட்டி. ரயில் பெட்டியின் உறுமல் நன்றாகவே அடங்கும். சமோசா விற்பவரின் குரல் அடங்காது, பிரஸ் விழும் ‘டமார்’ அடங்கவே அடங்காது. ரயிலுக்கு வாங்குவதானால் கூடுதல் காசு கொடுக்கலாம். அறையில் கேட்க மட்டும் என்றால் வீண்செலவு.

நம்பிக்கை: இறுக்கிப் பிடித்தால்தான் சத்தம் நன்றாக இருக்கும்.

கடையில் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். வேண்டியது இறுக்கம் இல்லை. இடைவெளி இல்லாமல் பொருந்துவது. குஷன் காதைச் சுற்றி எலும்பின் மேல் ஒரே சீராகப் படிந்தால் பேஸ் தங்கும். ஓரிடத்தில் விலகினாலும் பேஸ் ஒழுகிவிடும். உடனே கை வால்யூமுக்குப் போகும். மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு இந்தத் தொல்லை நிச்சயம் உண்டு. கண்ணாடிக் காம்பு குஷனைத் தூக்கிப் பிடிக்கும், இறுக்கம் கூடினால் காம்பு பொட்டில் குத்தும். இவர்களுக்கு மெத்தென்ற, தடிமனான குஷன்தான் மருந்து.

காதின் மேல் உட்காரும் சின்ன வகை, காது மடலையே அழுத்துவதால் பலருக்கு ஒரு மணி நேரத்தில் வலிக்கும். காதைச் சுற்றி உட்காருவதை வாங்குங்கள். அதிலும் காது நுனி உள்ளே துணியில் உரசுகிறதா, உச்சந்தலையில் ஒரே இடத்தில் பாரம் இறங்குகிறதா என்று பாருங்கள். ரிச்சி தெருவில் போட்டுப் பார்த்த இரண்டு நிமிடத்தில் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். கண்ணாடியோடு 20 நிமிடம் போட்டு, வாயை அசைத்து, தலையைத் திருப்பிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

நம்பிக்கை: ரெக்சின் குஷன் என்றால் உசத்தி.

பளபளப்பு உசத்திதான். நம் கடலோர ஈரக்காற்றிலும் வியர்வையிலும் அந்தப் பூச்சு சிதைந்து, கருப்புச் செதில்களாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். 1991-இல் வந்து இன்றும் ஸ்டூடியோக்களில் ஓடும் சோனி எம்டிஆர்-7506 ஹெட்போனின் குஷனே இப்படி உரிவதற்குப் பேர்போனது. ஆனால் மாற்றுக் குஷன் சுலபமாகக் கிடைப்பதால் உயிரோடு இருக்கிறது. வெல்வெட் மாதிரித் துணிக் குஷன் புழுக்கம் குறைவு, பேஸ் கொஞ்சம் குறையலாம். நான் துணிக்கே ஓட்டுப் போடுவேன். எதுவானாலும் மாற்றுக் குஷன் கிடைக்குமா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

மற்றவை சில்லறை நம்பிக்கைகள். உள்ளே ஒலி எழுப்பும் டிரைவர் 50 மில்லிமீட்டர் இருந்தால் 40-ஐவிட நன்றாகப் பாடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மின்தடையைச் சொல்லும் ஓம் கூடினால் தரம் கூடும் என்பதும் அப்படியே: பேயர்டைனமிக் டிடி 770 புரோ 32, 80, 250 ஓம் என மூன்று விதமாக வருகிறது. 250-ஐ செல்போனில் செருகினால் சத்தம் போதாமல் திண்டாடுவீர்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி என்றால் ஆறு நாளில் 15 மணி நேரம். 80-இல் கேட்டால் கவலையில்லை. 90-இல் கேட்டால் திங்களன்று தொடங்கிய கோட்டா செவ்வாய் மாலையே தீர்ந்துவிடும். ஷாப் ஃப்ளோரின் இரைச்சல் இதில் சேரவில்லை.

ஷிஃப்ட் முடிந்த பிறகும் காதில் ‘ங்ஙொய்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தால், வீட்டில் டிவி சத்தத்தை மற்றவர்கள் குறைக்கச் சொன்னால், புது ஹெட்போனைத் தள்ளிப்போடுங்கள். இஎஸ்ஐ அட்டை இருப்பவர்கள் தங்கள் மருந்தகத்தில் சொல்லி, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து செவித்திறனை அளக்கும் ஆடியோகிராம் ஒன்று எடுத்துவிடுங்கள்.